முந்திக்கொண்ட கெட்டிமேளம்

போன வருடம் ஆவணி மாதம், சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நடந்தது இது. குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த என் தம்பிக்குத் துணையாக நான் அங்கே இருந்தேன். துணை என்பது பெயருக்குத்தான். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்ப்பேன். அவன் தண்ணீர் கேட்டால், "ஒரு நிமிஷம்டா" என்பேன். அந்த ஒரு நிமிஷம் எப்போது முடியும் என்று அவன் வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பான்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. நேரலை வீடியோ காட்டும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. நீங்கள் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் "சிக்ஸர்" என்று கத்துவார்கள். உங்கள் போனிலோ பந்து போடுகிறவர் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருப்பார். அந்தத் தாமதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஜென்மப் பகை. அதைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

சோதனைக்காக நான் ஒரு சேனல் வைத்திருக்கிறேன். அதில் இருப்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம்தான். கடிகாரத்தை நேரலையில் காட்டி, திரையில் தெரிவது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று பார்ப்பேன். "கடிகாரத்த மட்டும் காட்டற சேனலுக்கு யாருக்கா வருவா? மணி தெரியாதவன்கூட வர மாட்டான்" என்று தம்பி என்னைப் படுத்தி எடுப்பான்.

தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் காலைக் கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தார். கடலூர்க்காரர். செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூத்த மகளுக்கு இரண்டு நாளில் மஞ்சக்குப்பத்தில் கல்யாணம் என்னும் நிலையில், இவர் இங்கே! புவனகிரியில் இருக்கும் அவருடைய தங்கைக்குப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தம்மா முறுக்கிக்கொண்டுவிட்டாராம். "போன்ல வந்தா அது பத்திரிகையா? அண்ணன் வந்து மஞ்ச குங்குமத்தோட தட்டுல வெக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று சொன்னதும் மனுஷர் கடைசி நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தட்டில் பத்திரிகை வைத்து, தங்கை கோபம் தீர்ந்து, காபியும் குடித்துவிட்டுத் திரும்பும்போது மணலில் வண்டி சறுக்கித் தொடை எலும்பு போய்விட்டது.

வார்டே அவரைச் "சம்பந்தி" என்றுதான் கூப்பிட்டது. அதை ஆரம்பித்து வைத்தவன் என் தம்பி. "சம்பந்தி, மாப்ள வீட்டு சார்பா நாங்க பத்து பேரு இருக்கறோம், பந்தியில எல இருக்குமா?" என்பான். அவரும் சிரித்துக்கொண்டே, "மொதல்ல கஞ்சி குடிக்கற வழியப் பாருப்பா" என்பார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் முகம் விழுந்துவிடும். எனக்கே பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று வீட்டில் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொன்னவர் அவர்தான். ஆம்புலன்ஸில் படுத்தபடியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சினார். காலை அசைக்கவே கூடாது என்று டாக்டர் முடியாதென்றுவிட்டார்.

"தார வாக்கறத எம் மச்சான் பாத்துக்கட்டும். அதுல எனக்கு வருத்தமில்லம்மா" என்றார் என்னிடம். "தாலி ஏர்றத மட்டும் நான் என் கண்ணால பாத்துடணும். அது போதும் எனக்கு."

நான் விடுவேனா? என் தொழிலே அதுதானே! "நான் பாத்துக்கறேங்க, நீங்க கவலையே படாதீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முந்தின நாள் நலங்கை வீடியோ காலில் பார்க்க முயன்றோம். மண்டபத்தில் அத்தனை பேர் போனும் சேர்ந்து இழுத்ததில் மகளின் முகம் கட்டம் கட்டமாகி அப்படியே நின்றுவிட்டது. வெறும் பேச்சு மட்டும் நன்றாகக் கேட்டது. ஆனால் கல்யாண வீடியோ எடுக்க வந்தவர் தனியாக நெட் லைன் போட்டு, நேரலை லிங்க் கொடுத்திருந்தார். பத்திரிகையிலேயே அவர் நம்பரோடு அச்சடித்திருந்தார்கள். அதைத்தான் நம்பினோம்.

கல்யாணத்தன்று காலையில் அந்த வார்டைப் பார்த்திருக்க வேண்டுமே! சம்பந்தி தொங்கும் காலோடு புதுச் சட்டை போட்டு, ஜரிகைத் துண்டைத் தோளில் மடித்துப் போட்டிருந்தார். தம்பி தலைவாரிப் பவுடர் பூசியிருந்தான். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சாப்பாடு வைக்கும் மேஜையில் என் லேப்டாப். மண்டபத்திலிருந்து யாரோ விடியற்காலையில் கொண்டுவந்து கொடுத்த அட்சதைப் பொட்டலத்தை மட்டும் சிஸ்டர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"வார்டுல அரிசி எறைக்கறதெல்லாம் கூடாது. எறும்பு வந்தா யாரு பதில் சொல்றது? சத்தம் கித்தம் கேட்டுது, லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று ஒரு அதட்டல் போட்டார். எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டோம்.

படம் வந்தது. என்ன தெளிவு! மேடை, பந்தல், நாகஸ்வரக்காரர்கள், சிவப்புப் பட்டில் பெண். சம்பந்தி திரையிடமே பேச ஆரம்பித்துவிட்டார். "மால ஒரு பக்கமா சாஞ்சிருக்குது பாரு, யாராவது சரி பண்ணுங்கம்மா... ஏய், அந்த ஃபேன பொண்ணு பக்கம் திருப்புடா." மண்டபத்தில் யார் காதில் விழப்போகிறது? ஆனாலும் யாரோ வந்து மாலையைச் சரிசெய்தார்கள். "பாத்தியா, சொன்னேன்ல" என்று அவர் பெருமையோடு எங்களைப் பார்த்தார்.

அப்போதுதான் பெண்ணின் தாய்மாமன், அதாவது சம்பந்தியின் மச்சான், சீர்வரிசையோடு உள்ளே நுழைந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வந்தால் தாய்மாமன் பாசத்தைச் சொல்லும் சினிமாப் பாட்டைப் போடாமல் இருப்பார்களா? ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு பக்கமும். பாட்டு ஒலிக்க, தட்டுகள் வரிசையாக வர, மச்சான் தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்து வந்தார். வார்டில் எல்லோருக்கும் ஒரே குஷி. தம்பி தாளம் போட்டான்.

அடுத்த நொடி திரை சாம்பல் நிறமாகிவிட்டது. 'பதிப்புரிமை உள்ள இசை காரணமாக இந்த நேரலை நிறுத்தப்பட்டது' என்று ஒரே ஒரு வரி.

போச்சுடா! எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீடியோ தளத்தில் ஒரு மென்பொருள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதிப்புரிமை உள்ள பாட்டு காதில் விழுந்தால் படக்கென்று அறுத்துவிடும். எனக்கு வந்ததே கோபம்!

"பாட்டுக்கு சொந்தக்காரன் பாட்ட காப்பாத்திக்க வேணாமாக்கா? ஓசியில எடுத்துப் போட்டா சும்மா வுடுவாங்களா?" என்றான் தம்பி, நேரம் காலம் தெரியாமல்.

"காப்பாத்தட்டும்டா, யாரு வேணாம்னா? திருட்டு எது, தாய்மாமன் சீரு எதுன்னு தெரியாத மெஷின்கிட்ட எதுக்குடா கத்திரிக்கோல குடுக்கறாங்க?" என்று நான் எகிறினேன்.

"மனுஷன் ஒருத்தன உக்கார வெச்சி இத்தன கல்யாணத்தையும் பாக்க முடியுமாக்கா?" என்று அவன் மேலும் வம்புக்கு வந்தான்.

"சண்டைய அப்பறமா வெச்சிக்குங்கம்மா" என்றது ஒரு குரல். சம்பந்திதான். "எம் பொண்ணு எங்கம்மா? முகூர்த்தம் வந்துடுமே!"

வாக்குக் கொடுத்தவள் நானல்லவா? அவர் தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மச்சானைக் கூப்பிட்டார். "மச்சான், பாட்ட நிறுத்து! பாட்ட நிறுத்துடா!" என்று கத்தினார். அந்தப் பக்கம் அதே பாட்டு இரைந்துகொண்டிருந்தது. "மாமா! பாட்டு கேக்குதா மாமா? இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்றேன் இரு!" என்றார் மச்சான். நிஜமாகவே ஏற்றிவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பி மட்டும் சிரித்துவிட்டு, தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

நான் பத்திரிகையில் இருந்த நம்பரில் வீடியோக்காரரைப் பிடித்தேன். பாவம், அவர் அழாத குறை. "அக்கா, என் அக்கவுண்ட்ட லாக் பண்ணிட்டாங்கக்கா. புதுசா தொறந்தா ஒரு நாள் வெய்ட் பண்ணச் சொல்லுது. நான் என்னாக்கா பண்ணுவேன்?"

ஒரு நாளா? தாலித் தட்டு மேடைக்குக் கிளம்பப்போகிறது!

அப்போதுதான் என் கடிகாரச் சேனல் நினைவுக்கு வந்தது. அதற்கு நேரலை அனுமதி எப்போதோ வாங்கியாகிவிட்டது. அந்தச் சேனலுக்கு ஒரு சாவி உண்டு. சாவி என்றால், எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும் ஒரு சொல். அதை யார் தங்கள் கேமரா மெஷினில் போட்டாலும் அவர்கள் எடுக்கும் படம் என் சேனலில் வரும். யாருக்கும் தரக் கூடாது என்பது முதல் பாடம். முன்பின் தெரியாத அந்த வீடியோக்காரருக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டு, போனில் அவரிடம் சொன்னேன்:

"தம்பி, நல்லா கேட்டுக்க. எல்லா மைக்கையும் அணைச்சிடு. சத்தமே வேணாம், படம் மட்டும் அனுப்பு, அப்பதான் மறுபடியும் அறுக்க மாட்டாங்க. தாமதம் ஜாஸ்தியானாலும் பரவால்ல, நடுவுல நிக்கக் கூடாது. அந்த மாதிரி செட்டிங்க வெச்சி அனுப்பு. அப்படியே ஓடிப்போயி பொண்ணோட மாமாகிட்ட வெவரத்தச் சொல்லு. போன மேளத்துகிட்ட தூக்கிப் புடிச்சிக்கட்டும். சத்தத்த நாங்க போன்ல கேட்டுக்கறோம்."

அவர் ஓடினார் போல. கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. மச்சானின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "மாமா, என் பாட்டாலயா மாமா? சத்தியமா எனக்குத் தெரியாது மாமா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். நீ போன மட்டும் எறக்காத."

"கை ஒடிஞ்சாலும் எறக்க மாட்டேன் மாமா!"

"அக்கா, அனுப்பறேன், போவுது" என்றார் வீடியோக்காரர். நான் என் சேனலைத் திறந்தேன். நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லோர் பார்வையும் அந்த வட்டத்தின் மேல். போனிலோ ஐயரின் மந்திரம் வேகமாகிக்கொண்டிருந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

போனிலிருந்து மேளம் வெடித்துக்கொண்டு வந்தது. நாகஸ்வரம், தவில், குலவைச் சத்தம், எல்லாம். திரையில் வட்டம் மட்டும். சம்பந்தி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மேளம் அடங்கும்போது போனில் மச்சான் விக்கி விக்கி அழுதார். "முடிஞ்சிது மாமா... தாலி ஏறிடுச்சி மாமா..."

சம்பந்தி ஜரிகைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வாக்குக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் நிற்கிறேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போனில் மகளின் குரல் வந்தது. மச்சான் அவள் காதில் போனை வைத்திருக்க வேண்டும். "அப்பா... பாத்தீங்களாப்பா?"

துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது.

"அப்பா? பாத்தீங்கதானே?"

அந்த நேரத்தில் வட்டம் மறைந்து படம் வந்தது. சத்தமில்லாத படம். மேடை ஓரத்தில் மச்சான் நிற்கிறார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். விறைப்பாக, முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போதுதானே அந்த ஆள் போனில் தேம்பினார்? தாலித் தட்டு இன்னும் கூட்டத்தின் நடுவில் ஒவ்வொரு கையாகத் தொட்டு வந்துகொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாமதம்! என் ஜென்மப் பகை! போனில் சத்தம் உடனே வந்துவிட்டது. படம் பின்தங்கி வருகிறது. நான்தானே ஜாஸ்தியானாலும் பரவாயில்லை என்று சொன்னேன்? அதைச் சோதித்தே சோறு தின்கிற எனக்கு, அந்தப் பதற்றத்தில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"சம்பந்தி!" என்று கத்தினேன். அவரை அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கண்ணத் தொடைங்க! உங்க மச்சான் இன்னும் அழுவல பாருங்க! தாலி இன்னும் கட்டல! நம்மகிட்ட இப்பதான் வந்துக்கினு இருக்குது!"

துண்டை விலக்கினார். திரையைப் பார்த்தார். அந்த முகம் மாறியதை என்னால் எழுத முடியாது. போனை வாயருகே கொண்டுபோய், "இரு கண்ணு, இன்னும் கட்டல. இப்பதான் கட்டப் போறாரு" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க? கட்டியாச்சேப்பா!"

"உனக்கு கட்டியாச்சி. எனக்கு இன்னும் கட்டல. இரு, நான் சொல்றேன். தட்டு மேடைக்கு வந்துடுச்சி. ஐயரு தாலிய எடுத்து மாப்ள கையில குடுக்கறாரு. மாப்ளைக்கு கை நடுங்குது."

"நெஜமாவாப்பா? நடுங்குச்சா?"

"ஆமாங் கண்ணு. நீ தலைய குனிஞ்சிக்கிற. உங்கம்மா பின்னாடி நின்னு உன் சடைய ஒதுக்கி வுடறா..."

கல்யாணப் பெண் தன் தாலி ஏறுவதை எங்கே பார்த்தாள்? குனிந்த தலையும் மூடிய கண்ணுமாக இருந்திருப்பாள். அவள் பார்க்காததையெல்லாம் அவள் அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் ஐயர் கையை உயர்த்தினார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை! கெட்டிமேளம் இல்லாமல் ஒரு தாலியா?

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினான் என் தம்பி. கத்தியதோடு நில்லாமல் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கட்டில் கம்பியில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தான். அவ்வளவுதான். ஒருவர் டம்ளரை எடுத்தார், ஒருவர் தட்டை எடுத்தார், எதிர்க் கட்டிலில் கையில் மாவுக்கட்டோடு இருந்தவர் நல்ல கையால் மேஜையைக் குத்தினார். வார்டு அதிர்ந்தது. சிஸ்டர் ஓடி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். பாக்கெட்டிலிருந்து அட்சதைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, "ஒரு சிட்டிகதான், ஜாஸ்தி எறைக்கக் கூடாது" என்று எல்லோர் கையிலும் போட்டார். தானும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார்.

"மொத முடிச்சி..." என்றார் சம்பந்தி. "ரெண்டாவது... மாப்ளையோட அக்கா மூணாவது போடறாங்க... முடிஞ்சிது கண்ணு. முடிஞ்சிது. பாத்துட்டேன். அப்பா பாத்துட்டேன்!"

மஞ்சள் அரிசி லேப்டாப் மேல் மழையாக விழுந்தது. போனில் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். திரையில் மச்சான் இப்போதுதான் முதல் முறையாக முகத்தைச் சுளித்து அழத் தொடங்கினார். "தோ, இப்ப அழுவறான் பாரு எம் மச்சான்!" என்று சம்பந்தி கைதட்டிச் சிரித்தார். வார்டே சிரித்தது. தம்பி மட்டும் தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, சாவப்போறேன்" என்று அலறினான்.

அன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வார்டுக்கே வந்துவிட்டார்கள். கட்டிலுக்குக் கட்டில் இனிப்பு கொடுத்தார்கள். தம்பி கேட்டபடி ஒரு வாழை இலையையும் மச்சான் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு தடவ தாலி கட்டனாங்கக்கா. மொத தடவ நான் ஒண்ணுமே பாக்கல. ரெண்டாவது தடவதான் அப்பா காட்டனாரு" என்றாள். நான் என் லேப்டாப் இடுக்கில் ஒட்டியிருந்த அரிசியை எடுத்து அவள் தலையில் போட்டேன்.

என் சேனலில் கடிகாரங்களுக்கு நடுவே அந்தச் சத்தமில்லாத கல்யாணம் இன்னும் இருக்கிறது. தாமதத்தைக் குறைக்கத்தான் இன்றைக்கும் எனக்குச் சம்பளம், அதற்காக இன்றைக்கும் ஆபீஸில் மல்லுக்கட்டுகிறேன். ஆனால் யாராவது போனில் "எல்லாம் முடிஞ்சிபோச்சு" என்று அழுதால், உடனே அழுதுவிடாமல் இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்க்கிறேன், நமக்கென்று கிளம்பியது இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கலாம் என்று.